செய்மதி ஏறிவிட்டது, முனையம் எங்கே? இராணுவச் செய்மதித் தொடர்பாடல் குறித்து ஓர் எளிய விளக்கம்

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ மஸ்கெலியாவிலோ ஒரு லயத்துக் கூரையை நிமிர்ந்து பார்ப்பவர், தகரத்தின் மேல் பொருத்தப்பட்டிருக்கும் தொலைக்காட்சி டிஷ் கிட்டத்தட்ட வானத்தை நோக்கி மல்லாந்து கிடப்பதைக் காண்பார். இலண்டனில் அதே வகை டிஷ் சுவரோடு ஒட்டி நின்று, அடிவானத்துக்குச் சற்று மேலே பார்த்துக்கொண்டிருக்கும். இலங்கையின் நடுவிலுள்ள நமது மலைநாடு பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் அமைந்திருப்பதும், தொலைக்காட்சிச் செய்மதிகள் பூமத்தியரேகைக்கு நேர் மேலே நிறுத்தப்பட்டிருப்பதும் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். நமது நெடுங்கோட்டுக்கு அருகே நிற்கும் செய்மதி ஹட்டனிலிருந்து பார்க்கையில் 80 பாகைக்கு மேற்பட்ட உயரத்தில், அதாவது ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே இருக்கும். இலண்டனில் உள்ளவருக்கோ, அவருடைய நெடுங்கோட்டிலேயே நிற்கும் செய்மதிகூட 31 பாகை உயரத்தில்தான் இருக்கும். நாற்புறமும் மலை மறைக்கும் ஊர்களில் வாழும் நமக்கு இது இயற்கை அளித்த ஒரு நல்வாய்ப்பு.

அந்த டிஷ் அன்டெனாவும், அதனோடு கம்பியால் இணைந்து வீட்டுக்குள் இருக்கும் பெட்டியும் சேர்ந்ததே ஒரு செய்மதி முனையம். செய்மதிக்கும் அதைப் பயன்படுத்தும் மனிதருக்கும் நடுவே தரையில் நிற்கும் கருவித் தொகுதிக்கு அதுவே பெயர். கூரையில் உள்ள முனையம் கேட்கும், பேசாது. இராணுவத்தின் முனையமோ கேட்கவும் பேசவும் வேண்டும். ஓடும் வாகனத்திலும் ஆடும் கப்பலிலும் பறக்கும் விமானத்திலும் அதைச் செய்ய வேண்டும். எதிரி திட்டமிட்டுக் குழப்பும்போதும் செய்தாக வேண்டும். உயர்தர வகுப்பில் பௌதிகவியல் பயிலும் மாணவர்கள் என்னிடம் செய்மதியைப் பற்றிக் கேட்கிறார்கள், ரொக்கெட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். முனையத்தைப் பற்றிக் கேட்டவர் மிகக் குறைவு. பெரிய நாடுகளின் பாதுகாப்பு அமைச்சுகளும் பணம் ஒதுக்கும்போது பல தடவை இதே மனப்பாங்கோடு நடந்துகொண்டன. அதனால் விளைந்த இழப்பு கொஞ்சநஞ்சமன்று. முனையம் எவ்வாறு இயங்குகிறது, எவ்வாறு உருவாக்கப்படுகிறது, அதற்குப் பணம் எவ்வழியில் வருகிறது என்பவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால்தான் அந்த இழப்பின் காரணம் விளங்கும்.

மலைக்கும் வானலைக்கும் உள்ள பகையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் நிற்பதற்கும், பள்ளத்து லயத்தில் இருப்பவர் கைத்தொலைபேசியில் பேசுவதற்குக் கோயில் மேட்டுக்கு ஏறிப் போவதற்கும் காரணம் ஒன்றே. உயர்ந்த மீடிறன் கொண்ட, அதாவது நொடிக்கு மிகப் பல தடவை அதிரும் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்கின்றன. குறுக்கே மலை நின்றால் அதன் மறுபுறம் நிழல் விழுகிறது. படையினரின் வானொலிக் கருவிக்கும் இதே விதிதான். கோபுரத்தை எவ்வளவு உயரத்தில் வைத்தால் இந்த நிழலிலிருந்து தப்பலாம் என்று கேட்டுக்கொண்டே போனால், கடைசியாகக் கிடைக்கும் விடை செய்மதி. 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையையே தமது வீடாகக் கொண்டிருந்த ஆர்தர் சி. கிளார்க், இங்கு வருவதற்கு முன்னரே, 1945 ஒக்டோபரில் ஒரு பிரித்தானியத் தொழினுட்பச் சஞ்சிகையில் இந்த விடையை எழுதிவிட்டார். பூமத்தியரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் வைக்கப்படும் நிலையம் பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றிவருவதால், தரையிலிருப்பவருக்கு அது ஓரிடத்தில் அசையாது நிற்பதாகத் தோன்றும் என்றும், அத்தகைய மூன்று நிலையங்கள் உலகை இணைக்கப் போதுமென்றும் அவர் விளக்கினார். 1964இல் ஏவப்பட்ட சின்கொம் 3 அவ்வாறு அசையாமல் நின்ற முதலாவது செய்மதி. 1966 ஜூனில் அமெரிக்கா தனது முதலாவது இராணுவத் தொடர்பாடல் செய்மதிக் கூட்டத்தை ஏவியது. 1969இல் பிரித்தானியாவின் ஸ்கைநெட் தொடங்கியது.

அந்தத் தூரத்தைத் திருத்தமாகச் சொன்னால் 35,786 கிலோமீற்றர். ஒளியின் வேகத்தில் செல்லும் அலைக்கே மேலே போய்க் கீழே வரக் கால் நொடிக்குச் சற்றுக் குறைவாகவும், மறுமொழியும் வந்து சேர ஏறத்தாழ அரை நொடியும் பிடிக்கும். இந்தத் தாமதம் பேசுபவருக்குச் சற்று இடைஞ்சல், அவ்வளவே. உண்மையான சிக்கல் சமிக்ஞையின் மெலிவில் இருக்கிறது. ஒரு சாதாரண ஒளிபரப்புச் செய்மதியின் ஒரு அலைவரிசை 100 அல்லது 150 வாற்று வலுவில் இயங்குகிறது, அதாவது பழைய காலத்து மின்குமிழ் ஒன்று எரியும் வலுவில். அந்த வலு ஒரு கண்டத்தின் மேலெல்லாம் பரவி விழும்போது கூரையிலுள்ள டிஷ்ஷின் பங்குக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், முனையம் செய்யும் வேலையின் அருமை புரியும்.

முனையத்தின் உள்ளே

பரவளைவு வடிவான தட்டு தன் மேல் விழும் அலைகளையெல்லாம் ஒரு புள்ளிக்குத் திருப்புகிறது. அந்தப் புள்ளியில்தான், டிஷ் பூட்ட வரும் தம்பிமார் ‘எல்.என்.பி.’ என்று சொல்லும் சிறிய உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஓர் இரைச்சல் குறைந்த விரியலாக்கி இருக்கிறது. சமிக்ஞையைப் பெருக்கும் எந்த விரியலாக்கியும் தன் சொந்த இரைச்சலையும் அதனோடு சேர்த்துவிடும் என்பதால், மெலிந்த சமிக்ஞையை முதலில் தொடும் விரியலாக்கி மிக அமைதியானதாக இருக்க வேண்டும். அது வீட்டுக்குள் இல்லாமல் டிஷ்ஷின் முகத்திலேயே இருப்பதும் இதனால்தான்; சில மீற்றர் கம்பியில் கடந்து வந்தாலே சமிக்ஞையின் ஒரு பகுதி கரைந்துபோகும். அதே உறுப்பு, 12 கிகாஹேர்ட்ஸ் அளவிலுள்ள மீடிறனை 1 முதல் 2 கிகாஹேர்ட்ஸ் அளவுக்கு இறக்கித் தருகிறது. அந்தத் தாழ்ந்த மீடிறன் கம்பியில் எளிதாகச் செல்லும்.

பேசும் முனையத்தில் இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு வழி வேண்டும். தகவலை அலையின் மேல் ஏற்றுவது மோடெம். மீடிறனை உயர்த்தி வலுவூட்டிச் செலுத்துவது அனுப்பும் விரியலாக்கி. முனையத்தின் விலையிலும் நிறையிலும் மின்செலவிலும் பெரும்பகுதி இந்த அனுப்பும் பக்கத்துக்கே போகிறது. மோடெத்துக்கு முன்னால், தகவலை இரகசியக் குறியாக மாற்றும் பெட்டியொன்று இருக்கும். இராணுவ முனையத்தில் மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும் உறுப்புகளில் இதுவும் ஒன்று. ஒருவர் முதுகில் சுமந்து செல்லும் முனையமானால் இவை அனைத்தையும் ஒரு பொதிக்குள் அடக்கி, மின்கலத்தையும் சேர்த்து, ஆளைச் சாய்த்துவிடாத நிறையில் கொடுக்க வேண்டும். அத்தகைய கருவிகள் சுமார் 20 வாற்று வலுவிலேயே செய்மதியோடு பேசிவிடுகின்றன என்பதை நான் முதலில் அறிந்தபோது வியந்தேன். இன்றும் அந்த வியப்பு எனக்குக் குறையவில்லை.

இனி, குறிபார்த்தல். டிஷ்ஷிலிருந்து புறப்படும் கற்றையின் அகலத்தை மாணவர்கள் எளிதாகக் கணிக்கலாம்: அலைநீளத்தை டிஷ்ஷின் விட்டத்தால் வகுத்து 70ஆல் பெருக்கினால் ஏறத்தாழ எத்தனை பாகை என்பது வந்துவிடும். 12 கிகாஹேர்ட்ஸில் அலைநீளம் 2.5 சென்ரிமீற்றர், 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷுக்குக் கற்றை சுமார் 3 பாகை. 8 கிகாஹேர்ட்ஸில் 2.4 மீற்றர் டிஷ்ஷுக்கு அது 1 பாகையளவே. கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பார்த்தால் அந்த விரலின் அகலம் கண்ணுக்கு ஏறத்தாழ 1 பாகை. கூரையில் ஆணியடித்து முறுக்கிவிட்ட டிஷ்ஷுக்கு இது ஒருநாள் வேலை. றம்பொடை வளைவுகளில் ஏறும் ஒரு வாகனத்தின் மேல் அந்த டிஷ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் வாகனத்தின் முகம் ஏறத்தாழ முழுவதுமாகத் திரும்பும், பாதை குலுக்கும், வண்டி சாயும், ஆயினும் கற்றை அந்தச் சுண்டுவிரல் அகலத்துக்குள்ளேயே செய்மதியைப் பிடித்திருக்க வேண்டும். கப்பலுக்கும் இதே வேலை, அலைகளுக்கு நடுவே. சாய்வை உணரும் கருவிகளும் கணினியும் மோட்டார்களும் சேர்ந்து நொடிக்குப் பல தடவை திருத்திக்கொண்டே இருப்பதால்தான் இது நடக்கிறது. குறி தவறினால் இழப்பு தமக்கு மட்டும் ஏற்படுவதில்லை. அசையாது நிற்பதாகத் தோன்றும் அந்த 35,786 கிலோமீற்றர் உயரப் பாதையில், அதாவது புவிநிலைப் பாதையில், செய்மதிகள் இரண்டு மூன்று பாகை இடைவெளியில் வரிசையாக நிற்பதால், திசை பிசகிய முனையம் அடுத்த செய்மதியின் காதில் கத்திவிடும். செய்மதியை இயக்குபவர்கள் ஒவ்வொரு வகை முனையத்தையும் சோதித்து அனுமதித்த பின்னரே அதை அனுப்ப விடுவதற்கு இதுவே காரணம்.

தோட்டத் தொழிலாளர் வேலைக்கு முன் கூடும் பிரட்டுக்களத்துக்கு ஆட்களை அழைக்கத் தப்பு அடித்த காலத்தில், அந்த ஓசை தோட்டம் முழுவதற்கும் கேட்டது. கேட்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கமும். இராணுவத் தொடர்பாடலின் தேவை இதற்கு நேர்மாறானது. உரியவர் மட்டும் கேட்க வேண்டும். பேசுகிறார்கள் என்பதே மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்து இரைச்சலைக் கொட்டினாலும் பேச்சு நின்றுவிடக்கூடாது. இந்த இரைச்சல் கொட்டலையே ஜாமிங் என்கிறார்கள். அதற்கு எதிரான முக்கியமான உபாயம் மீடிறன் தாவல். ஒரு வானொலி நிலையம் ஒரு நொடி ஓர் அலைவரிசையிலும் அடுத்த நொடி இன்னொன்றிலும் ஒலிபரப்புவதாகவும், எந்த நொடியில் எந்த அலைவரிசை என்ற இரகசிய அட்டவணை அதற்கும் உங்களுக்கும் மட்டுமே தெரியும் என்றும் கற்பனை செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு நிகழ்ச்சி தொடர்ந்து கேட்கும். அட்டவணை தெரியாதவருக்கு அவ்வப்போது ஒரு கிறீச்சிடல். குழப்ப விரும்புபவர் எல்லா அலைவரிசைகளிலும் ஒரேயடியாக இரைச்சலைப் பரப்ப வேண்டும். அப்போது ஒவ்வொன்றிலும் அவருடைய வலு மெலிந்துபோகும். உண்மைக் கருவிகளில் இந்தத் தாவல் நொடிக்கு ஒன்றாக அல்லாமல் மிக விரைவாக நடக்கிறது. அதற்கு முனையத்தின் கடிகாரமும் செய்மதியின் கடிகாரமும் இம்மியும் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும்.

எந்த மீடிறன் பட்டையைத் தெரிவுசெய்வது என்பது இன்னொரு பேரம். யூ.எச்.எப். பட்டையில், ஏறத்தாழ 300 மெகாஹேர்ட்ஸ் அளவில், அலை இலைதழையைக் கடந்து வரும், மழைக்கு அஞ்சாது, சிறிய அன்டெனா போதும், குறிபார்ப்பதும் எளிது. ஆனால் ஓர் அலைவரிசைக்கு 5 அல்லது 25 கிலோஹேர்ட்ஸ் பட்டையகலமே கிடைப்பதால் குரலும் சிறு செய்தியுமே போகும். மேலே ஏற ஏறத் தகவல் கொள்ளளவு பெருகுகிறது, மழையின் தொல்லையும் பெருகுகிறது. தென்மேல் பருவமழை கொட்டும்போது தொலைக்காட்சிப் படம் சதுரம் சதுரமாக உடைந்து மறைவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம்; 10 கிகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளை மழைத்துளிகள் விழுங்குவதே காரணம். 7 முதல் 8 கிகாஹேர்ட்ஸ் வரையான எக்ஸ் பட்டையை மழை அவ்வளவாகத் தாக்காது. அதன் ஒரு பகுதி அரசுகளினதும் படைகளினதும் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் மில்ஸ்டார் வகைச் செய்மதிகளுக்கு முனையங்கள் 44 கிகாஹேர்ட்ஸில் பேசுகின்றன. மழையில் தடுமாறும் என்றாலும், கற்றை மிகக் குறுகியதாகவும் தாவுவதற்கான இடம் மிக அகன்றதாகவும் இருப்பதால் எதிரிக்கு அதைக் கண்டுபிடிப்பதும் குழப்புவதும் கடினம்.

இரகசியமும் உறுதியும் செய்மதியைவிட முனையத்திலேயே தங்கியுள்ளன என்பதை 2022 பெப்ரவரி 24ஆம் திகதி உலகம் கண்டது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த அந்த அதிகாலையில், வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் வலையமைப்பில் இணைந்திருந்த பல்லாயிரம் மோடெங்கள் ஒரு தீநிரலால் அழிக்கப்பட்டுப் பயனற்றுப் போயின. மேலே நின்ற செய்மதிக்கு ஒரு கீறலும் இல்லை. ஜேர்மனியில் 5,800 காற்றாலைகள் தொலைக்கண்காணிப்பை இழந்தன. நிறுவனம் ஏறத்தாழ 30,000 புதிய மோடெங்களை அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று.

பணம் வரும் வழி

ஒரு புதிய முனையம் பிறப்பது காகிதத்தில். யாருக்கு, எந்த வாகனத்தில், எவ்வளவு தகவல், எவ்வகைக் குழப்பத்தைத் தாங்கி என்ற தேவைகள் முதலில் எழுதப்படும். பின்பு பொறியியலாளர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள்: அனுப்பும் வலுவும் இரண்டு அன்டெனாக்களின் பெருக்கமும் வரவு, தூரமும் மழையும் கம்பியும் இரைச்சலும் செலவு, மிச்சம் பூச்சியத்துக்கு மேல் இருந்தால் இணைப்பு உண்டு. மாதிரிக் கருவி செய்து, வெப்பத்திலும் குளிரிலும் தூசியிலும் உப்புக்காற்றிலும் குலுக்கலிலும் போட்டுப் பார்ப்பார்கள். குறியாக்கப் பெட்டிக்குத் தனிச் சான்று, செய்மதி இயக்குபவரின் அனுமதி, படையினர் கையில் கள ஒத்திகை, சிறு தொகை உற்பத்தி, அதன் பிறகே முழு உற்பத்தி. இதற்கெல்லாம் ஆண்டுக்கணக்கில் ஆகும்.

இந்த நீண்ட பாதை நெடுகப் பணம் ஒரே பையிலிருந்து வருவதில்லை. அமெரிக்காவில் ஆய்வுக்கும் உருவாக்கத்துக்கும் ஒதுக்கும் பணத்தை இரண்டு ஆண்டுகளுக்குள்ளும், கொள்முதலுக்கு ஒதுக்கும் பணத்தை மூன்று ஆண்டுகளுக்குள்ளும், இயக்கத்துக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்கும் பணத்தை அதே ஆண்டுக்குள்ளும் ஒப்பந்தத்தில் கட்டிவிட வேண்டும். ஒரு பையின் பணத்தை மற்றதன் வேலைக்கு எடுக்க முடியாது. ஆகவே, சோதனையில் ஒரு குறை தென்பட்டு உருவாக்கம் ஓராண்டு பிந்தினால், கொள்முதலுக்கென வைத்த பணம் பயன்படாமல் நிற்கும். நாடாளுமன்றம் அதைக் கண்டு வெட்டிவிடும். குறை தீர்ந்து கருவி தயாராகும் வேளையில் வாங்குவதற்குப் பணம் இராது. இது யாருடைய நேர்மையீனமும் அன்று. செலவைக் கட்டுக்குள் வைக்க ஏற்படுத்திய நல்ல விதிகளே, நீண்டகாலத் திட்டமொன்றில் ஒன்றோடொன்று மோதுகின்றன.

இதைவிடப் பெரிய சிக்கல், யார் வாங்குகிறார்கள் என்பது. செய்மதியை ஒரு படை வாங்கும். அதன் முனையங்களைத் தரைப்படை, கடற்படை, விமானப்படை என ஒவ்வொன்றும் தத்தம் பாதீட்டில் வாங்கும். செய்மதி நான்கோ ஐந்தோ; முனையங்கள் ஆயிரக்கணக்கில், நூறு வகை வாகனங்களில். செய்மதித் திட்டம் ஏவும் நாளை நோக்கி ஓடுவதால் அதற்கு ஒரு தலைவர், ஒரு நாட்காட்டி இருக்கும். முனையங்களுக்கோ பல தலைவர்கள், பல நாட்காட்டிகள். ஒரு படைப்பிரிவுக்குப் பணம் தட்டுப்பட்டால் முதலில் தள்ளிவைக்கப்படுவது பெரும்பாலும் வானொலிக் கருவிதான்.

மியூஒஸ் என்ற அமெரிக்கக் கடற்படைத் திட்டத்தை இதற்குச் சரியான பாடமாகக் கொள்ளலாம். கைத்தொலைபேசியின் மூன்றாம் தலைமுறைத் தொழினுட்பத்தை அடியொற்றி, முதுகுப் பொதியிலுள்ள சிறிய கருவியும் செய்மதி வழியாகத் தெளிவாகப் பேசவும் தகவல் அனுப்பவும் வேண்டும் என்பது அதன் நோக்கம். 2012 பெப்ரவரியில் முதல் செய்மதியும் 2016 ஜூனில் ஐந்தாவதும் ஏவப்பட்டன. புதிய அலை முறையை, அதாவது தகவலை அலையில் ஏற்றும் புதிய ஒழுங்கை, பேசத் தெரிந்த முனையங்களோ பிந்தின. மியூஒஸின் திட்டமிட்ட திறனில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டது, அலை முறையும் முனையமும் தரைநிலையங்களும் ஒருங்கிணைவதிலுள்ள சிக்கல்கள் தீர்வதிலேயே தங்கியிருப்பதாக அமெரிக்க அரசின் கணக்காய்வு அமைப்பான ஜி.ஏ.ஓ. அறிக்கையிட்டது. செய்மதிகளில் பழைய யூ.எச்.எப். கருவிகளுக்கான பகுதியும் இருந்ததால் அவை முற்றிலும் வீணாகவில்லை. ஆனால் எதற்காக அவை ஏவப்பட்டனவோ அந்த வேலை ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. விண்ணில் நிற்கும் செய்மதிக்கு ஆயுள் வரையறுக்கப்பட்டது. தன்னை நிலைநிறுத்தும் எரிபொருளைப் பேசினாலும் பேசாவிட்டாலும் அது செலவிட்டுக்கொண்டே இருக்கும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நமது நீர்த்தேக்கங்களே நினைவுக்கு வருகின்றன. காசல்ரீயிலும் மவுஸ்ஸாக்கலையிலும் அணை கட்டி மின்சாரம் எடுத்தார்கள். உயர் அழுத்தக் கம்பிகள் தேயிலை மலைகளின் மேலாகக் கொழும்புக்குச் சென்றன. அவற்றின் கீழே இருந்த எத்தனையோ லயங்களில் நெடுங்காலம் குப்பி விளக்குத்தான் எரிந்தது. மின்சாரம் இல்லாமற் போனதால் அல்ல, அதை வீட்டுக்கு இறக்கும் கடைசிக் கம்பிக்கும் மீற்றருக்கும் எவரும் பணம் ஒதுக்காததால். செய்மதி முனையம் அந்தக் கடைசிக் கம்பியும் மீற்றரும் ஆகும்.

உருவாக்கும் நிறுவனம் தடுமாறினால் என்ன செய்வது என்பதற்கு அமெரிக்க விமானப்படையின் ஃபேப்-ரி என்ற முனையத் திட்டம் ஒரு முன்னுதாரணம். அணுவாயுதக் கட்டளைகளை ஏந்தவல்ல முனையங்களை உருவாக்கும் ஒப்பந்தம் 2002இல் போயிங் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அவை இணைய வேண்டிய புதிய செய்மதிகளில் முதலாவது 2010 ஓகஸ்டில் ஏவப்பட்டபோதும் முனையம் தயாராகவில்லை. 2012இல் விமானப்படை ரேதியோன் நிறுவனத்துக்கும் மாற்று முனையமொன்றை உருவாக்கப் பணம் கொடுத்தது. 2014இல் உற்பத்திக்கு ரேதியோனையே தெரிவுசெய்தது. இரண்டு நிறுவனங்களுக்குப் பணம் கொடுப்பது வீண்செலவு போலத் தோன்றும். முனையமில்லாத செய்மதி ஒவ்வொரு நாளும் விழுங்கும் பணத்தோடு ஒப்பிடும்போது அது சிக்கனமே என்பது எனது கருத்து.

பிரித்தானியா வேறு வழியில் சென்றது. 2003இல் செய்துகொண்ட ஸ்கைநெட் 5 ஒப்பந்தத்தின்படி, செய்மதிகளையும் தரை வசதிகளையும் தனியார் நிறுவனமொன்று சொந்தமாக வைத்திருந்து இயக்கியது. பாதுகாப்பு அமைச்சு சேவைக்குக் கட்டணம் செலுத்தியது. மிஞ்சிய கொள்ளளவை நிறுவனம் நட்பு நாடுகளுக்கு விற்றது. முதலீட்டுப் பாரம் அரசின் தோளிலிருந்து இறங்கியது உண்மை. ஆனால் நீண்டகாலக் கட்டணமும், இயக்கும் அறிவு அரசுக்கு வெளியே போய்ச் சேர்வதும் அதன் விலை. அவுஸ்திரேலியா 2007இல், அமெரிக்காவின் டபிள்யூ.ஜி.எஸ். என்ற இராணுவத் தொடர்பாடல் செய்மதித் தொகுதியின் ஆறாவது செய்மதிக்குப் பணம் கொடுத்து, அதற்கு ஈடாக முழுத் தொகுதியிலும் பங்கு பெற்றது. 2012இல் கனடா, டென்மார்க், லக்சம்பேர்க், நெதர்லாந்து, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் அவ்வாறே ஒன்பதாவது செய்மதிக்குக் கூட்டாகப் பணம் சேர்த்தன. சிறிய நாடுகளுக்கு இது சிறந்த முறை. ஆயினும், விண்ணில் பங்கு கிடைத்தாலும் முனையத்தை ஒவ்வொரு நாடும் தன் பணத்தில்தான் வாங்கவேண்டும். இந்தியா 2013 ஓகஸ்டில் தன் கடற்படைக்காக ஜிசாட்-7ஐ ஏவியது. அடுத்த ஆண்டு ஒத்திகையில் சுமார் 60 கப்பல்களும் 75 விமானங்களும் அந்த ஒரே செய்மதியினால் இணைந்தன. அந்த எண்ணிக்கையை முனையங்களின் எண்ணிக்கையாகப் படித்துப் பாருங்கள்: மேலே ஒன்று, கீழே நூற்றுக்கு மேல்.

வாங்கிய முனையம், வாடகை வானம்

கடந்த சில ஆண்டுகளில் இந்தக் கணக்கை மாற்றியிருப்பது ஸ்டார்லிங்க் போன்ற தாழ்பாதைச் செய்மதிகள். சுமார் 550 கிலோமீற்றர் உயரத்தில் நொடிக்கு 7.6 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் அவை ஒவ்வொன்றும் சில நிமிடங்களே நம் வானில் தெரியும். ஆகவே ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஓயாது தாவும் அன்டெனா வேண்டும். தட்டையான பலகைக்குள் நூற்றுக்கணக்கான குட்டி அன்டெனாக்களை அடுக்கி, ஒவ்வொன்றும் அலையைச் சற்று முன்பின்னாக விடும்படி செய்து, பலகையை அசைக்காமலே கற்றையைத் திருப்புகிறார்கள். முன்பு இராணுவ ராடர் போன்றவற்றில் மட்டும் கட்டுப்படியான இந்தத் தொழினுட்பம், வீட்டுப் பாவனைக்கென இலட்சக்கணக்கில் செய்யப்பட்டதால் மலிந்தது. உருவாக்கச் செலவைப் பொதுச் சந்தை ஏற்றுக்கொண்டது; உக்ரைன் படையினர் கடையில் கிடைக்கும் முனையத்தையே போர்முனைக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் 2025 ஜூலை 24ஆம் திகதி மென்பொருள் கோளாறினால் அந்த வலையமைப்பு உலகெங்கும் ஏறத்தாழ இரண்டரை மணிநேரம் செயலிழந்தபோது, அந்தப் போர்முனையிலும் இணைப்பு அற்றது. வானம் வாடகையாக இருந்தால் சாவி வேறொருவர் கையில் இருக்கும்.

இலங்கைக்கென இராணுவச் செய்மதி எதுவும் இல்லை. ஸ்டார்லிங்க் இங்கு 2024 ஓகஸ்டில் அனுமதிப்பத்திரம் பெற்று 2025 ஜூலையில் சேவையைத் தொடங்கியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களைச் சிதைத்தபோதும் மண்ணில் இறங்கித் தேடியவர்களில் படையினரும் இருந்தனர். பாதையும் மின்சாரமும் கோபுரமும் ஒருசேர அற்றுப்போன சரிவில், வெளியுலகோடு பேச எஞ்சுவது பெரும்பாலும் செய்மதி முனையமே. அதனால்தான் இந்த விடயம் பெரிய நாடுகளின் போர்க்கதையாக மட்டும் எனக்குத் தோன்றுவதில்லை.

மலைநாட்டில் அப்படியொரு முனையத்தை நிறுத்துபவருக்குச் சில அனுகூலங்கள் உண்டு. புவிநிலைச் செய்மதி உச்சிக்கு அருகில் இருப்பதால் பள்ளத்தாக்கின் அடியிலிருந்தும் அதை எட்டலாம். தாழ்பாதைச் செய்மதிகளுக்கோ வானத்தின் அகன்ற பரப்புத் திறந்திருக்க வேண்டும். யூக்கலிப்டஸ் மரங்கள் சூழ்ந்த இடத்தில் இணைப்பு விட்டுவிட்டு வரும். கொட்டும் மழையில் உயர் பட்டைகள் தடுமாறும். மின்கலம் சில மணிநேரத்தில் இறங்கும். மாற்று மின்கலமோ சிறிய மின்பிறப்பாக்கியோ கூடவே சென்றிருக்க வேண்டும். களஞ்சியத்தில் இரண்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்த முனையத்தின் மென்பொருள் பழசாகி, இயக்கியவுடன் புதுப்பிப்பைக் கேட்டுக்கொண்டு நிற்கவும் கூடும். மாதத்துக்கு ஒரு தடவையாவது அதை வெளியே எடுத்து இயக்கிப் பார்க்கும் பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும். அவருடைய சம்பளமும், அந்த ஒத்திகைக்கான பாவனைக் கட்டணமும், மாற்று மின்கலத்தின் விலையும் கொள்முதல் பணத்தில் வருவதில்லை; ஆண்டுதோறும் புதிதாகக் கேட்டுப் பெறவேண்டிய பராமரிப்புப் பணத்தில் வருகின்றன.